கிள்ளையில் ஓர் அரை ஸ்பூன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர்களே, ஓர் எச்சரிக்கை. ஊசி போட்ட குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், நம் துறையில் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது குழந்தைக்கு அல்ல. ஊசி மருந்து இருந்த ஐஸ் பாக்ஸுக்கு. ஆறு பேர் சுற்றி நின்று மூடியைத் திறப்பார்கள், மூடுவார்கள், மறுபடி திறப்பார்கள். அதுவரை ஒழுங்காக இருந்த குளிரையும் வெளியே விரட்டிவிட்டு, "டெம்பரேச்சர் கொஞ்சம் ஏறியிருக்கே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கடலூர் மாவட்டத்தில் இந்த வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது. அந்தப் பெட்டியை நலம் விசாரித்த அளவுக்கு நான் என் மாமியாரைக்கூட விசாரித்ததில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான், சொல்லும்போது. தடுப்பூசிக்குப் பிறகு யாருக்காவது ஏதாவது ஆனால், அது மருந்தால் ஆனதா, போட்ட விதத்தால் ஆனதா, பயத்தால் ஆனதா, இல்லை தற்செயலா என்று கண்டுபிடிக்க வேண்டும். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் விழுந்தாள். பிறகு வரிசையே சாய்ந்தது. பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள். படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, எழுந்ததும் பன்னும் டீயும் கொடுத்தோம். கண் விழித்த பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு லீவு உண்டா மிஸ்?"

இப்படிச் சில கேஸ்களைப் பார்த்துவிட்டால் நமக்கு ஒரு திமிர் வந்துவிடும். எந்தப் போன் வந்தாலும், "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு, அவ்ளோதான்" என்று டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், இந்தப் பழமொழியை யார் சொன்னாலும் எரிந்து விழுவார். "காக்கா மேல தப்பில்லன்னு சொல்லிட்டா வேல முடிஞ்சிச்சா? பழம் இன்னாத்துக்கு விழுந்துச்சுன்னு பாருங்கய்யா. அடுத்தது எவன் தலையில விழும்னு காக்காவா வந்து சொல்லும்?" என்பார். அப்போது அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று நினைத்தோம். அதுவும் இருந்தது.

இனி கிள்ளைக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிள்ளைப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். புதன்கிழமை அங்கே இரண்டரை மாத ஊசி போட்டுக்கொண்ட ஒரு பையன் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறான், கண் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை என்று செய்தி. ஊசி போட்ட கிராம நர்ஸின் பெயர் ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம். அவள் துணை சுகாதார நிலையத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே ஊரே நிற்கிறது.

நான் கடலூரிலிருந்து கிளம்பும்போதே தீர்ப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. ஊர்ப் பிரமுகர் ஒருவர் காலாவதியான மருந்து என்று டிவிக்காரனிடம் சொல்லிவிட்டார். அவர் அதற்கு முன்னால் மருந்துப் பாட்டிலைப் பார்த்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் குழந்தையைக் கொன்றே விட்டார்கள். மேலிடத்து அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார், விழா மேடைகளில் பார்க்கிறேன்.

"மேடம், போன உடனே அந்த நர்ஸ சஸ்பெண்ட்னு சொல்லிடுங்க. கூட்டம் கலஞ்சிடும். அப்புறம் சத்தமில்லாம திருப்பி எடுத்துக்கலாம்."

"அவ தப்பு பண்ணாளான்னு பாக்க வேணாமா சார்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம். மொதல்ல சிச்சுவேஷன்."

மொதல்ல சிச்சுவேஷன். பிறகு அறிக்கை. பிறகு டீ. இதில் குழந்தை எத்தனையாவது இடம் என்று கேட்க வாய்வரை வந்தது. பென்ஷன் நினைவுக்கு வந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். பதில் தெளிவாக வந்தது.

"அன்னைக்கு அதே பாட்டில்லேர்ந்து போட்டுக்கிட்ட மத்த கொழந்தைங்க எப்படி இருக்கு ஸ்டெல்லா?"

"விடிஞ்சதும் எல்லாரையும் போன்ல கேட்டுட்டேன் மேடம். காய்ச்சல் வந்து விட்டுடுச்சாம். எல்லாம் நல்லா இருக்குங்க. இவன் ஒருத்தன்தான் மேடம்..." பின்னணியில் கதவு தடதடவென்று இடிபடுவது கேட்டது.

வண்டிகளில் ஏறுமுன், என்னோடு கிளம்பிய விசாரணைக் குழுவில் இருந்த சக டாக்டரிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப மருந்துல கோளாறு இல்ல. போட்டதுலயும் கோளாறு இல்ல. முடிஞ்சுது மேடம், தற்செயல்னு எழுதிடலாம்."

"கொழந்த இன்னும் முடியல சார்" என்றேன்.

பாருங்கள், வேடிக்கை இதுதான். ஊர்ப் பிரமுகருக்கு ஊசிதான் காரணம் என்று ஆக வேண்டும். எங்களுக்கு ஊசி காரணம் இல்லை என்று ஆக வேண்டும். இரண்டு கட்சிக்கும் வேண்டியது அந்த ஊசி. உயிரோடு படுத்துக்கிடக்கிற பையன் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பி.முட்லூர் கூட்டுரோடு வந்ததும் குழுவின் வண்டி கிள்ளைக்குத் திரும்பியது. ஐஸ் பாக்ஸ் காத்திருக்கிறதே! நான் என் வண்டியை நேராகச் சிதம்பரத்துக்கு விடச் சொன்னேன்.

வார்டில் பையன் வெளுத்துப்போய்க் கிடந்தான். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள். பார்த்துக்கொண்டிருந்தவர் சின்ன வயது டாக்டர், இரண்டு நாள் தாடி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது, ஏற்றிக்கொண்டிருந்தார். கிருமித் தொற்று என்று நினைத்து அதற்கும் மருந்து போய்க்கொண்டிருந்தது. நியாயமான சந்தேகம்தான். "ஆனா லிவர் டெஸ்ட் இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதுதான் இடிக்குது மேடம்" என்றார்.

எனக்கும் இடித்தது. கட்டில் பக்கத்தில் மூன்று பெண்கள். பையனின் அம்மா சத்யா, இருபது வயதுதான் இருக்கும். அவளுடைய மாமியார். நாத்தனார் ஒருத்தி.

"கொழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம். தாய்ப்பால் மட்டும்தான்." மூன்று பேரும் ஒரே குரலில், மனப்பாடப் பாட்டு மாதிரி சொன்னார்கள்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மிடம் எந்தத் தாயும் உண்மை சொல்ல மாட்டாள். சொன்னால் நாம் திட்டுவோம் என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் திட்டினோம், வசம்பு உரைத்துக் கொடுத்தால் திட்டினோம். நம்மைப் பார்த்தாலே "தாய்ப்பால் மட்டும்" என்று சொல்ல நாமே பழக்கியிருக்கிறோம். பழக்கிவிட்டு, அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாமே அங்கலாய்ப்போம். தவிர, காய்ச்சல் மருந்து அவர்கள் கணக்கில் 'கொடுத்தது' ஆகாது. அது நர்ஸ் சொன்னது, அதனால் அது வேறு.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி ரொம்ப அழுதானா?"

மாமியார் உடனே பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. காலத் தொட்டாலே வீல்னு கத்துறான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தூக்கி வச்சிக்கினே இருந்தோம்."

"நீங்க தூக்கி வச்சிருந்தப்ப எப்படிம்மா தூங்க வச்சீங்க?"

"இவ அசந்து தூங்கிட்டா, பாவம். நான்தான் நர்ஸம்மா சொன்ன மருந்த அரை ஸ்பூன் ஊத்துனேன். செத்த நேரத்துல தூங்கிட்டான்."

சத்யா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் குடுத்தீங்களா அத்த? நான் படுக்கறதுக்கு முன்னாடிதான குடுத்தேன்?"

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "காலையில நான் ஒருவாட்டி குடுத்தேன் அண்ணி. அண்ணன்கூட கடலுக்குப் போறதுக்கு முன்ன ஒருவாட்டி ஊத்திட்டுதான் போச்சு."

மறுநாள் பகலிலும் இப்படியே. அழும்போதெல்லாம் ஒரு கை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுத்ததாக நினைத்திருந்தார்கள். அந்த வீட்டில் பாசத்துக்குப் பஞ்சமே இல்லை.

"அந்த மருந்து இங்க இருக்கா?"

சத்யா ஒயர் கூடையிலிருந்து எடுத்தாள். சின்னஞ்சிறு பாட்டில். அது சிரப் அல்ல, சொட்டு மருந்து. அதே பாராசிட்டமால்தான், ஆனால் சிரப்பைவிட நாலு மடங்கு கெட்டி; அளவு மீறினால் ஈரலைத்தான் முதலில் அடிக்கும். சொட்டு அளந்து விடுவதற்காகக் கூடவே கொடுத்த ஃபில்லர், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கூடையின் அடியில் கிடந்தது.

"இத ஏம்மா பிரிக்கல?"

"நர்ஸக்கா ஸ்பூன்ல குடுக்கச் சொன்னாங்க மேடம். இதுல குடுக்கச் சொல்லல."

விஷயம் இவ்வளவுதான். வழக்கமாக நர்ஸ் கையிலேயே காய்ச்சல் மருந்து இருக்கும். அந்த வாரம் மேலிருந்து வரவில்லை, தீர்ந்துவிட்டது. "கடையில வாங்கி அரை ஸ்பூன் குடுங்க" என்று ஸ்டெல்லா சொன்னாள். சிரப்பாக இருந்தால் அரை ஸ்பூன் சரியான அளவு. மருந்துக் கடைக்காரர் கைக்குழந்தை என்று கேட்டதும் சொட்டு மருந்தைக் கொடுத்தார். அவர் கொடுத்ததும் சரிதான். எல்லாரும் சரி. பையனின் ஈரல் மட்டும் தப்பு.

டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். அவர் ஓடினார். வாழ்க்கை வெறுத்து இதே பாராசிட்டமால் மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்கிவிட்டு வருகிற பெரியவர்களுக்கு அங்கே ஒரு முறிவு மருந்து வைத்திருப்பார்கள். அதைப் பையனின் எடைக்குக் கணக்குப் பார்த்து ஏற்ற ஆரம்பித்தார்கள். "லேட்தான் மேடம். ஆனா ரொம்ப லேட் இல்ல" என்றார். காலையிலேயே 'தற்செயல்' என்று எழுதி மூடியிருந்தால் ரொம்ப லேட் ஆகியிருக்கும்.

நான் கிளம்பும்போது சத்யா வாசல்வரை வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"என் கையாலயே பண்ணிட்டேனா மேடம்?"

"வாய மூடு. அப்படிச் சொல்லாத."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான் குடுத்ததாலதான்னு தெரிஞ்சா என்னைய வீட்ல வச்சிக்க மாட்டாரு. ஊரே சொல்லும், பெத்தவளே விஷம் வச்சான்னு."

கிள்ளை போகும் வழி முழுக்க எனக்கு அதுதான் யோசனை. உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லா தப்பித்துவிடுவாள், கல் சத்யா பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் ஸ்டெல்லாவின் வேலை போகும், அடுத்த புதன்கிழமை அந்தக் குப்பத்தில் ஒரு குழந்தையும் ஊசிக்கு வராது. பாடப்புத்தகத்தில் இதற்கு அட்டவணை இல்லை. தேடிப் பார்க்காதீர்கள்.

நான் எதிர்பார்த்தபடியே குழு ஐஸ் பாக்ஸைச் சுற்றி நின்றது. அந்தப் பெட்டிக்கு அன்று கிடைத்த டாக்டர்கள் பையனுக்குக் கிடைத்தவர்களைவிட ஜாஸ்தி. போலீஸ் வந்து ஸ்டெல்லாவை வாசலுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். எதிரே பையனின் அப்பா ராஜவேலு. தோளெல்லாம் உப்புப் பூத்த மனிதன். பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இவன் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் அடிக்க ஆள் இல்லையே, அதனால்தான்.

"இன்னா மேடம் ஊசி போட்டீங்க எம்புள்ளைக்கு?" என்று என் மேல் பாய்ந்தான்.

"ஊசியில ஒண்ணும் இல்ல. காய்ச்சல் மருந்து, சிரப்புக்குப் பதிலா கெட்டியான சொட்டு மருந்து, அளவுக்கு மேல போயிடுச்சு. அதுக்கு மாத்து மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க."

பிறகு அவன் கேட்டான், நான் பயந்துகொண்டே வந்த அந்தக் கேள்வியை.

"அளவுக்கு மேல யாரு குடுத்தா?"

ஒரு கையை மட்டும் காட்டினால் பொய். அவன் கையும் அதில் உண்டு. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறோமே, அது அந்த நேரத்தில் எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டது.

ஸ்டெல்லா முன்னால் வந்தாள். அந்த நிமிடம் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். தப்பித்திருப்பாள். என் வாயாலேயே அவள்மேல் குற்றம் இல்லை என்று ஊர் முன்னால் வந்தாகிவிட்டது.

"அரை ஸ்பூன்னு சொன்னது நான்தாண்ணா. சிரப்ப நெனச்சு சொன்னேன். கடையில சொட்டு மருந்தும் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பாட்டில கொண்டாந்து காட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். கூட்டம் ஜாஸ்தின்னு சொல்லாம விட்டுட்டேன். சத்யா நான் சொன்னத அப்படியே செஞ்சிச்சு. வூட்ல யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கறதுன்னா என்னைய கேளுங்க."

போலீஸ்காரர் ஒருவர் அனிச்சையாக அவளுக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார். தேவையிருக்கவில்லை. ராஜவேலு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நானும்தான் ஊத்துனேன்" என்றான். "கடலுக்குப் போறதுக்கு முன்ன, நானும்தான் ஊத்துனேன்." தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "பொழச்சிக்குவானா மேடம்?"

"தெரியாது. மருந்து ஏறுது. வா, வந்து பக்கத்துல உக்காரு."

வண்டியில் முன்சீட்டில் நான், பின்சீட்டில் ராஜவேலுவும் ஸ்டெல்லாவும். சிதம்பரத்துக்குத் திரும்பினோம்.

பையனுக்குக் கண்ணில் மஞ்சள் கூடி, எங்களை நன்றாக மிரட்டிவிட்டுப் பிறகுதான் இறங்கியது. ஒரு நாள் காலையில் அந்தத் தாடிக்கார டாக்டர் எனக்குப் போன் செய்து, எதுவும் சொல்லாமல் போனைக் குழந்தை பக்கம் பிடித்தார். வீல் என்று பசியில் கத்திக்கொண்டிருந்தான். ஆபீஸில் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அதற்கெல்லாம் படிவம் இல்லை.

மற்றபடி துறை தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஸ்டெல்லாவுக்கு, முழுமையான ஆலோசனை வழங்கத் தவறியதற்கு மெமோ. ஊர் முன்னால் தானே சொன்னதால் ஆதாரம் தேட வேண்டிய சிரமமும் இல்லை. மருந்து தீர்ந்துபோனதற்கு யாருக்கும் மெமோ இல்லை, ஏனென்றால் மருந்து தானாகத் தீர்ந்துபோனது. மேலிடத்து அதிகாரி ஒரு விழிப்புணர்வு போஸ்டர் வெளியிட்டார். அதில் அவர் முகம் ஒரு சாண், பாட்டில் ஒரு விரல்கடை. இது ஊசியால் ஆனது அல்ல என்று மேல்மட்டக் குழுவின் முடிவு வந்து சேர்ந்தபோது, பையன் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, மூன்றரை மாத ஊசிக்கு ஆள் வருமா என்று பார்க்க, பையன் தேறிய பிறகு ஒரு புதன்கிழமை நானே கிள்ளைக்குப் போனேன். வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மருந்துப் பாட்டில். ஸ்டெல்லா குழந்தையை எடை போட்டு, பாட்டிலை வாங்கிப் பார்த்து, ஃபில்லரில் அந்தக் குழந்தைக்கான அளவு வருகிற இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தாள். "இந்தக் கோடு தாண்டக் கூடாது. யாரு குடுத்தாலும் மத்தவங்ககிட்ட சொல்லிட்டுக் குடுங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள திரும்பக் குடுக்கக் கூடாது." யாரும் அவளுக்கு இதைச் சுற்றறிக்கையில் அனுப்பவில்லை. நகப்பூச்சு அவளுடைய சொந்தப் பாட்டில். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, குச்சியை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் சத்யா பையனோடு நின்றாள். பின்னாலேயே ராஜவேலு. அவன் நேராக மேஜைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்தான். பிரித்தால் நகப்பூச்சு. புதுசு, பளபளவென்று சிவப்பு.

"சிதம்பரம் கீழவீதியில வாங்குனேன்க்கா" என்றான். "கடையில எல்லாம் பொம்பளைங்க, ஒரு மாதிரியா பாத்தாங்க. தீந்துச்சுன்னா சொல்லுங்க, மறுக்கா வாங்கியாறேன்."

பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து, முதல் கோட்டை அவன் பையனின் ஃபில்லரில் போட்டாள்.